பறக்கும் படகுப் பந்தயம்: புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் இருப்பவருக்குக் கடல் தூரம்தான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு. கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணை ஓரமாக ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே தொண்டிப் பக்கம் போனால் திருவிழா நாட்களில் பாய்மரப் படகுப் போட்டியும் பார்க்கலாம். அதே காற்றையும் பாயையும் வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஒரு பந்தயம் இன்று உலகைச் சுற்றி நடக்கிறது. திரையில் முதல்முறை பார்ப்பவருக்கு யார் முந்துகிறார், ஏன் திரும்புகிறார் என்று ஒன்றும் பிடிபடாது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் படித்துவிட்டால் அந்தக் குழப்பம் இருக்காது.

படி 1: எந்தப் பந்தயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பறக்கும் படகுப் பந்தயங்கள் பல உண்டு. புதியவர் மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முதலாவது செயில்ஜிபி. ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசனும் நியூசிலாந்துப் படகோட்டி ரஸ்ஸல் கூட்ஸும் 2018-இல் அறிவித்த தொடர் இது. முதல் பந்தயம் 2019 பிப்ரவரியில் சிட்னியில் நடந்தது. எல்லா அணிக்கும் ஒரே வகைப் படகு என்பதால் வெற்றி தோல்வி ஓட்டுபவர் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது அமெரிக்கா கோப்பை. மிகப் பழைய போட்டி. 2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் இரட்டை உடல் படகுகள் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடியபோதுதான் உலகம் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது. 8-1 என்று பின்தங்கியிருந்த அமெரிக்காவின் ஆரக்கிள் அணி, 9-8 என்று நியூசிலாந்தை வென்றது. இன்று அந்தக் கோப்பைக்கு ஓடுபவை ஒற்றை உடல் படகுகள்.

மூன்றாவது ஒலிம்பிக்கின் நாக்ரா 17. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டும் சிறிய இரட்டை உடல் படகு. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இதுவும் எழும்பி ஓடுகிறது.

படி 2: படகின் உறுப்புகளை அறியுங்கள்

செயில்ஜிபி படகின் பெயர் எஃப்50. 2017-இல் பெர்முடாவில் நடந்த அமெரிக்கா கோப்பைப் படகிலிருந்து வளர்ந்தது. 15 மீட்டர் நீளம், 8.8 மீட்டர் அகலம்.

இரட்டை உடல்: நம் கட்டுமரம் பல மரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. இது அப்படியல்ல. இரண்டு மெல்லிய உடல்கள் தள்ளித் தள்ளி நிற்க, நடுவே இணைப்பு இருக்கும். அகலம் அதிகம் என்பதால் எளிதில் கவிழாது.

விறைப்பான பாய்: துணிப் பாய் இல்லை. கார்பன் இழையால் ஆன, விமானச் சிறகை நிமிர்த்தி வைத்தது போன்ற அமைப்பு. வழக்கமான உயரம் 24 மீட்டர். காற்று பலமாக இருந்தால் குட்டையான பாய், மெலிந்தால் நெட்டையான பாய் பொருத்துவார்கள்.

நீர்ச்சிறகு: ஃபாயில் என்பது இதுதான். படகின் இரு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கும் சிறகு. பின்னால் சுக்கானின் அடியிலும் சிறிய சிறகு உண்டு. 2025 முதல் தலைகீழ் ‘டி’ வடிவத்தில், டைட்டானியத்தில் செய்த சிறகுகள் வந்துவிட்டன.

படி 3: எப்படிப் பறக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

படகின் வேகத்துக்கு முதல் எதிரி தண்ணீர். உடல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது உரசலும் அலையும் சேர்ந்து பின்னுக்கு இழுக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் தண்ணீருக்குள் ஓடும் சிறிய சிறகுகூட, போதிய வேகம் வந்ததும், முழுப் படகையும் ஆட்களோடு தூக்கிவிடும். உடல் மேலே வந்ததும் இழுவை சட்டென்று குறைகிறது. படகு பாய்கிறது.

அடுத்த கேள்வி எல்லோருக்கும் வரும்: காற்று தள்ளித்தானே படகு போகிறது, காற்றைவிட வேகமாக எப்படிப் போகும்? புதுக்கோட்டை–திருச்சி சாலையில் பைக்கில் போய்ப் பாருங்கள். மரத்தில் இலை அசையாத நாளிலும் உங்கள் முகத்தில் காற்று அடிக்கும். அது உங்கள் வேகம் உண்டாக்கிய காற்று. படகும் அப்படித்தான். இயற்கைக் காற்றுக்குக் குறுக்காக ஓடும்போது, தன் வேகத்தால் வரும் காற்றும் அதோடு சேர்ந்து பாய்க்குக் கிடைக்கிறது. பாய் அதை இழுவிசையாக மாற்றுகிறது. இழுவை குறைந்த படகு என்பதால் காற்றின் வேகத்தைப் போல் மூன்று மடங்கு வரை எட்ட முடிகிறது.

ஆனால் வரம்பும் உண்டு. சுமார் 50 நாட், அதாவது மணிக்கு 93 கிலோமீட்டர் தாண்டும்போது, சிறகின் மேற்பரப்பில் அழுத்தம் மிகவும் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழியாகிறது. பிடிப்பு நழுவுகிறது. இதனால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது வெகுகாலம் கைகூடவில்லை. 2022-இல் பிரான்ஸ் அணி 99.94 வரை வந்தது. 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் சாஸ்நிட்ஸில் டென்மார்க் அணி 103.93-ஐ எட்டியது.

படி 4: ஆறு பேரின் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

வழக்கமாகப் படகில் ஆறு பேர். காற்று மெலிந்தால் எடையைக் குறைக்க ஆளைக் குறைப்பார்கள்.

ஓட்டுநர்: சுக்கான் இவர் கையில்.

விங் டிரிம்மர்: பாயின் கோணத்தையும் வளைவையும் நொடிக்கு நொடி மாற்றுபவர்.

ஃபிளைட் கன்ட்ரோலர்: நீர்ச்சிறகின் கோணத்தைத் திருத்திப் படகை ஒரே உயரத்தில் பறக்க வைப்பவர். உயரம் கூடினால் சிறகு தண்ணீரை விட்டு வெளியே வந்து படகு தொப்பென்று விழும். குறைந்தால் உடல் தண்ணீரில் இடித்து வேகம் போகும்.

கிரைண்டர்கள் இருவர்: கைப்பிடியைச் சுழற்றி, பாயை இழுக்கும் விசையைத் தருபவர்கள். உடல் உழைப்பு அதிகம் இவர்களுக்குத்தான்.

ஸ்ட்ராட்டஜிஸ்ட்: தலையை நிமிர்த்தி மற்ற படகுகளையும் காற்றையும் பார்த்து, எங்கே திரும்புவது என்று சொல்பவர்.

படகின் சமநிலைக்காக ஆள் ஓடிப்போய் ஒரு பக்கம் நிற்பது நம் கடலுக்குப் புதிதல்ல. பாக் நீரிணைக் கரையின் வத்தை என்னும் பாய்மரப் படகுகளில், காற்று வரும் பக்கமாக ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி நின்று படகு சாயாமல் பார்த்துக்கொள்வார்கள். பக்கவாட்டில் நழுவாமல் இருக்கப் படகின் ஓரத்தில் பலகையை இறக்குவதும் உண்டு. ஆள் எடையும் பக்கப் பலகையும் செய்த வேலையில் பெரும்பகுதியை எஃப்50-இல் நீர்ச்சிறகு செய்கிறது.

படி 5: ஓடுபாதையையும் விதிகளையும் பிடித்துக்கொள்ளுங்கள்

பந்தயம் கரைக்கு மிக அருகில் நடக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் கால் மணி நேரம். எல்லாப் படகும் குறுக்குக் காற்றில் முழு வேகத்தோடு தொடக்கக் கோட்டைக் கடந்து, முதல் மிதவையைச் சுற்றி, பிறகு காற்றோடு இறங்கியும் காற்றை எதிர்த்து ஏறியும் ஓடும். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போக முடியாது. அதனால்தான் படகுகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. அவை தடுமாறுவதாக நினைத்துவிட வேண்டாம்.

விதிகளில் நான்கு போதும்.

• வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கே வழியுரிமை. எதிரே வருபவர் ஒதுங்க வேண்டும்.

• இரு படகும் ஒரே பக்கத்துக் காற்றில் ஓடினால், காற்று வரும் திசைக்கு அருகில் இருப்பவர் ஒதுங்க வேண்டும்.

• கொடுத்த நொடிக்கு முன் தொடக்கக் கோட்டைத் தாண்டினால் தண்டனை.

• திரையில் தெரியும் எல்லைக் கோட்டைத் தாண்டினாலும் தண்டனை. அந்தக் கோடு கடலில் இருக்காது. செயற்கைக்கோள் இருப்பிடக் கணக்கில்தான் இருக்கிறது.

நடுவர்கள் படகில் வருவதில்லை. லண்டனில் திரைகளுக்கு முன் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். தண்டனை பெற்ற படகு வேகத்தைக் குறைத்துப் பின்தங்கியாக வேண்டும்.

படி 6: புள்ளிக் கணக்கு

ஓர் ஊரில் இரண்டு நாள், பெரும்பாலும் சனி, ஞாயிறு. எல்லாப் படகும் சேர்ந்து ஓடும் சுற்றுகளில் முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9 என்று இறங்கும். முடிவில் முன்னணி மூன்று படகுகள் மட்டும் இறுதிச் சுற்றில் ஓடும். பருவம் முழுவதும் சேர்த்த புள்ளியில் முதல் மூன்று அணிகள் மகா இறுதிக்குப் போகும். அங்கே ஒரே ஓட்டம், வென்றவருக்கு 20 லட்சம் டாலர்.

இந்த முறையால் கடைசிவரை எதுவும் உறுதியில்லை. முதல் மூன்று பருவங்களையும் டாம் ஸ்லிங்ஸ்பியின் ஆஸ்திரேலிய அணி வென்றது. 2024-இல் டியேகோ போட்டினின் ஸ்பெயின் அணி அதை முறித்தது. 2025 நவம்பரில் அபுதாபியில் டிலன் ஃபிளெட்சரின் பிரிட்டன் அணி பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில்தான் பிரேசிலின் மார்ட்டினே கிரேல், எஃப்50-ஐ ஓட்டும் முதல் பெண் ஓட்டுநராக வந்தார்.

படி 7: முதல் பந்தயத்தை இப்படிப் பாருங்கள்

1. முழு நேரலைக்கு முன், யூடியூபில் செயில்ஜிபியின் சுருக்கக் காட்சி ஒன்றைப் பாருங்கள்.

2. நேரக் கணக்கைப் பாருங்கள். பிப்ரவரியில் சிட்னி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நமக்குக் காலையிலேயே பந்தயம் முடிந்துவிடும். கோடையில் சான்ஃபிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். நள்ளிரவில் விழிக்க வேண்டும்.

3. முதல் சுற்றில் ஒரே ஓர் அணியைத் தேர்ந்து அதை மட்டும் பின்தொடருங்கள்.

4. தொடக்க நொடிகளைத் தவற விடாதீர்கள். முதல் மிதவையில் முன்னால் திரும்புபவருக்குக் கலங்காத காற்று கிடைக்கிறது. பின்னால் வருபவருக்கு மிச்சக் காற்றுதான்.

5. திருப்பங்களைக் கவனியுங்கள். உடல் தண்ணீரைத் தொடாமல் திரும்பும் அணி முன்னேறும். தொட்டுவிட்டால் பல படகு நீளத்தை இழக்கும்.

6. திரையின் வேக எண்ணைவிடத் திசையைப் பாருங்கள். வேகமாக ஓடி எல்லையில் முட்டுபவரைவிட, சற்று மெதுவாக ஓடி ஒரு திருப்பத்தை மிச்சப்படுத்துபவர் ஜெயிப்பார்.

படி 8: நம் கடலில் இது நடக்குமா?

நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. பாக் நீரிணை ஆழம் குறைந்தது. கடல்புல் வளர்ந்த தரை, மீனவர் வலைகள் விரிந்த நீர். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. தண்ணீருக்குள் கத்தி போல் பாயும் சிறகுக்கு அது இடமல்ல. நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில் 2024 மார்ச்சில் ஓங்கில் (டால்பின்) ஒன்று பாதையில் தென்பட்டதற்காக அன்றைய பந்தயமே நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 9: பிள்ளைகளுக்குப் பாய்மரம் பழக்க விரும்பினால்

• முதலில் நீச்சல். லைஃப் ஜாக்கெட் போட்டாலும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

• பள்ளி வயதில் ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளமுள்ள, ஒருவர் ஓட்டும் குட்டிப் படகு. 15 வயது வரை இதில் போட்டியிடலாம். சென்னையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் இருக்கின்றன.

• அடுத்து ஐஎல்சிஏ. முன்பு லேசர் என்று பெயர். சென்னையின் நேத்ரா குமணன் இந்த வகையில்தான் 2021-இல் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றதும் இதில்தான்.

• பிறகு இருவர் ஓட்டும் 49இஆர். சென்னையின் வருண் தாக்கரும் கே.சி. கணபதியும் இதில் டோக்கியோ சென்றார்கள்.

• கடைசியாகத்தான் நீர்ச்சிறகு. 2023 ஆசிய விளையாட்டில் சித்தேஷ்வர் தோய்போடே, ரம்யா சரவணன் இணை நாக்ரா 17-இல் இந்தியாவுக்காக ஓட்டியது. ராமேஸ்வரத்தில் காற்றாடி கட்டிய பலகைச் சவாரி (கைட்சர்ஃபிங்) பழக்குகிறார்கள். புதுக்கோட்டை வழியே போகும் ரயிலில் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

இந்திய அணி உண்டா? இல்லை. முதல் பருவத்தில் ஜப்பானும் சீனாவும் இருந்தன. 2025-இல் ஓடிய 12 அணிகளில் ஆசிய அணி ஒன்றுகூட இல்லை.

ஆபத்தானதா? ஆம். தலைக்கவசம், மிதவை உடை எல்லாம் கட்டாயம். 2025 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆஸ்திரேலியப் படகின் பாய் முறிந்து விழுந்தது. எல்லாப் பாய்களையும் சோதித்ததில் குறை தெரியவர, அடுத்து நடக்கவிருந்த ரியோ பந்தயமே ரத்தானது.

கடல் இல்லாத ஊரில் கற்க முடியுமா? முடியும். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் போட்டிகள் நடக்கின்றன. போபால் ஏரியில் பழகிய ஹர்ஷிதா தோமர் 2018-இல் வெண்கலமும், நேஹா தாக்கூர் 2023-இல் வெள்ளியும் ஆசிய விளையாட்டில் வென்றார்கள்.

போபாலுக்கு ஒரு பயிற்சி மையம் இருந்தது. அதனால் பதக்கம் வந்தது. புதுக்கோட்டைக்கு ஏரி குளங்களும் உண்டு, கடலும் உண்டு, பாய் கட்டத் தெரிந்த மீனவக் குடும்பங்களும் உண்டு. ஆப்டிமிஸ்ட் படகுகள் சிலவும் ஒரு பயிற்சியாளரும் வந்தால் இங்கேயும் தொடங்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலகமும் பள்ளிகளும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.