வணிகச் சட்டம் படிப்போம்: பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப்பும் பிரிவு 69-ம்

ஆத்தூரிலிருந்து சேலம் அரசு சட்டக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் மாணவர்களுக்கு, வணிகச் சட்டம் என்றதும் பெரிய கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பாடத்தில் நம்ம ஊர் சேகோ ஆலை, அரிசி மண்டி, லாரி புக்கிங் ஆபீஸ் வரைக்கும் வந்து நிற்கும் ஒரு பிரிவு உண்டு. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-ன் பிரிவு 69.

ஒரு கற்பனை உதாரணத்தோடு படிப்போம்.

இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஜவ்வரிசி வியாபாரம் தொடங்குகிறார்கள். முத்திரைத்தாளில் பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதியாச்சு. பான் கார்டு, ஜி.எஸ்.டி. எண், உத்யம் சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. வெளியூர் வியாபாரிக்குக் கடனில் 6 லட்சம் ரூபாய் சரக்கு அனுப்புகிறார்கள். பணம் வரவில்லை. வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி: "ஃபர்ம் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?"

"அதான் ஜி.எஸ்.டி. இருக்கே சார்" என்பது இதற்குப் பதில் ஆகாது. ஜி.எஸ்.டி. வரிக்கான பதிவு. உத்யம் சிறுதொழிலுக்கான பதிவு. பிரிவு 69 கேட்பது நிறுவனப் பதிவாளரிடம் செய்யும் பதிவை.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவு கட்டாயம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பதியாவிட்டால் அபராதமும் இல்லை. ஆனால் பதியாத நிறுவனம், ஒப்பந்தத்தால் வந்த உரிமைக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. வழக்குப் போடுபவர்களின் பெயரும் பங்குதாரர்களாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்த வெளியாளோ நிறுவனத்தின் மேல் தாராளமாக வழக்குப் போடலாம்!

சட்டம் 1-10-1932-ல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 69 மட்டும் ஓராண்டு கழித்து, 1-10-1933-ல் வந்தது. 100 ரூபாய்க்கு மேற்படாத சிறு வழக்குகளுக்கு அப்போது விலக்கு தந்தார்கள். அந்த 100 ரூபாய் இன்றும் 100 ரூபாய்தான்.

தடை எங்கே பொருந்தாது?

கூட்டைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கு கேட்கவும் தடையில்லை. ஒப்பந்தத்தால் வராமல் சட்டத்தால் வரும் உரிமைகளுக்கும் தடையில்லை. ஹல்திராம் புஜியாவாலா வழக்கில் (2000), வணிகக் குறியைக் காக்கும் உரிமைக்கு இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே விடைத்தாளில் முதலில் எழுத வேண்டிய கேள்வி: "இந்த உரிமை எங்கிருந்து வந்தது?"

நம் நண்பர்களுக்கு வழி உண்டா?

உண்டு. பிரிவு 58-ன்படி எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஆனால் வழக்குத் தாக்கல் செய்யும் நாளில் பதிவு முடிந்திருக்க வேண்டும். வழக்கைப் போட்டுவிட்டு அப்புறம் பதிந்தால் அந்த வழக்கு பிழைக்காது; புதிதாகத்தான் போட வேண்டும். சரக்கு விற்ற பணத்துக்குக் காலவரையறை பொதுவாக 3 ஆண்டுகள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அதில்தான் கழிகிறது.

பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். துறையின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை:

- நிறுவனத்தின் பெயர்
- முதன்மை இடமும் மற்ற கிளைகளும்
- ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்த தேதி
- அவர்களின் முழுப் பெயர், நிரந்தர முகவரி
- கூட்டு நீடிக்கும் காலம்

எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். பின்னால் யாராவது சேர்ந்தாலோ விலகினாலோ அதையும் தெரிவிக்க வேண்டும்.

கட்டணம் செலுத்தினால் இந்தப் பதிவேட்டை யாரும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். மாணவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்படியே, வீட்டில் யாராவது பார்ட்னர்ஷிப்பில் தொழில் செய்தால், "ஃபர்ம் பதிஞ்சாச்சா?" என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.