இடுப்பு மூட்டுகளும் நடையும்: முக்கியக் குறிப்புகள்

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) செவிலியர், இயன்முறை மருத்துவர் பணிகளுக்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. நாற்று நடவும் கரும்பு வெட்டும் நடக்கிற ஊர்களில் வேலை பார்க்கப் போகிறீர்கள். இடுப்பு வலி என்று வருகிறவரை முதலில் நாலு எட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். கோளாறு எந்த மூட்டில் என்பதை நடையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

• இடுப்பு வளையம்: இரண்டு இடுப்பெலும்புகள், பின்னால் திரிக எலும்பு (5 முள்ளெலும்புகள் இணைந்தது), அதற்குக் கீழே வால் எலும்பு. ஒவ்வொரு இடுப்பெலும்பும் இலியம், இஸ்கியம், பியூபிஸ் மூன்றும் ஒட்டி உருவானது. மூன்றும் கூடுமிடம் அசிட்டாபுலம்.

• தொடை எலும்பின் தலை அசிட்டாபுலத்தில் பொருந்துவது பந்துக் கிண்ண மூட்டு. முன்பக்கம் பியூபிக் சிம்பசிஸ், குருத்தெலும்பு மூட்டு. பின்பக்கம் வலம், இடம் என இரண்டு சாக்ரோ இலியாக் மூட்டுகள். இவை அசைவது சில பாகை மட்டுமே. மேலுடம்பின் பாரத்தைக் கால்களுக்குக் கடத்துவதுதான் இவற்றின் முதன்மை வேலை.

• நடையின் ஒரு சுழற்சியில் பாதம் தரையில் இருக்கும் ஊன்று நிலை சுமார் 60 விழுக்காடு. வீசு நிலை 40 விழுக்காடு.

• ஒற்றைக் காலில் ஊன்றும் கணத்தில் இடுப்பு மூட்டில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல 2.5 முதல் 3 மடங்கு. எடை மட்டும் காரணமல்ல. மறுபக்க இடுப்பு சரியாமல் இருக்க, ஊன்றிய காலின் பக்கத்திலுள்ள குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் தசைகள் இழுத்துப் பிடிக்கும் விசையும் அதே மூட்டில்தான் விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு எட்டிலும் 150 முதல் 180 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

• டிரெண்டலன்பர்க் நடை: 1895இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் பிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் விவரித்த அறிகுறியிலிருந்து வந்த பெயர். மேல் குளூட்டியல் நரம்போ மேற்சொன்ன தசைகளோ பழுதானால் வரும். இதை நேரில் பார்க்க முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி வாசலை நோக்கி நடக்கிற ஒரு பாட்டியைக் கவனியுங்கள். வலது காலை ஊன்றும்போது இடப்பக்க இடுப்பு சரிந்து, அந்தப் பக்கச் சேலைக் கரை தரையில் உரசும். சரிவை ஈடுகட்ட மேலுடம்பை வலப்பக்கம் சாய்ப்பார். கோளாறு சரிகிற இடப்பக்கத்தில் இல்லை, ஊன்றிய வலப்பக்கத்தில். தேர்வறையில் தடுமாற வைக்கும் இடம் இதுதான். இரண்டு பக்கமும் பழுதானால் வாத்து நடை.

• கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில். அப்போதுதான் தசை இழுக்க வேண்டிய விசை குறைந்து மூட்டின் பாரமும் இறங்கும். வலிக்கிற பக்கமே பிடிக்கச் சொல்லும் வழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. மாற்றிப் பிடிக்கச் சொன்னால் அன்றைக்கே வித்தியாசம் தெரியலாம்.

• வலி காட்டும் இடம்: ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடைச் சந்து என்றால் இடுப்பு மூட்டை நினையுங்கள். பிட்டத்துக்கு மேலே குழி விழும் இடம் என்றால் சாக்ரோ இலியாக். இடுப்பு மூட்டு வலி முழங்காலிலும் தெரியும். இரண்டுக்கும் அப்ட்யூரேட்டர் நரம்பின் கிளைகள் போகின்றன. முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டு வரும் சிறுவனுக்கு இடுப்பைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது. 4 முதல் 8 வயதில் அதிகம் காணப்படும் பெர்த்தஸ் நோய் அப்படித்தான் தவறிப்போகிறது.

• கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் உள்ளிட்ட ஹார்மோன் மாற்றங்கள் இடுப்பு வளையத்தின் ஜவ்வுகளைத் தளர்த்தும். படுக்கையில் புரளும்போதும் படியேறும்போதும் வலிக்கும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் குறைந்துவிடும்.

• அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்: 45 வயதுக்குள் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் பின்னிடுப்பு வலி, காலையில் விறைப்பு, நடமாடினால் குறையும், படுத்தால் கூடும். எச்.எல்.ஏ. பி27 மரபணுவோடு தொடர்புடையது. சாக்ரோ இலியாக் மூட்டைத்தான் முதலில் தாக்கும். இந்த ஒரு குறிப்பையாவது மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற வயதுப் பிள்ளையை டிஸ்க் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஓய்வெடுக்க வைப்பது மனம் பொறுக்காத கொடுமை. விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊருக்கும் சுமார் 40 கி.மீ. தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. காலத்தில் அனுப்பினால் முதுகு கூன் விழாமல் காக்க முடியும். ஒரு பக்க மூட்டு மட்டும் பாதித்து, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் காசநோயை மறக்கக் கூடாது.

• தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதற்கு ஸ்டீராய்டு, மது இரண்டும் முக்கியக் காரணங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும்; எம்.ஆர்.ஐ.யில் தெரியும். சம்மணம் போட முடியவில்லை என்று சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

• மக்களைத் தேடி மருத்துவம் (தமிழக அரசுத் திட்டம்): 05.08.2021, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடக்கம். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் இதில் அடக்கம்.

• இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 (இதுவும் தமிழக அரசுத் திட்டம்): 18.12.2021, திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள மேல்மருவத்தூரில் தொடக்கம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். இடுப்பு வளையம் உடைந்தால் வெளியே காயமே தெரியாமல் உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் கசியும். அடிபட்டவரை எழுப்பி உட்கார வைக்கவோ பைக்கில் ஏற்றவோ கூடாது. இடுப்பைச் சுற்றிக் கட்டுப் போட வேண்டிய மட்டம் தொப்புளுக்கு நேராக அல்ல. பக்கவாட்டில் தொடை எலும்பு புடைத்துத் தெரியும் கிரேட்டர் டிரோகேன்டர் மட்டம். அழைக்க வேண்டிய எண் 108.