ஒரு வன்தட்டு, இரண்டு பதிவுப்பெட்டிகள்

மாணவர்களே, உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு தொலைக்காட்சிப் பதிவுப்பெட்டி, தாத்தாவின் அறையில் இன்னொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரவேற்பறைப் பெட்டியோடு யூஎஸ்பி கம்பி வழியாக இணைத்த வன்தட்டில் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. தாத்தாவும் பார்க்கட்டுமே என்று அதைக் கழற்றி அவருடைய பெட்டியில் செருகுகிறீர்கள். பெரும்பாலும் நிகழ்ச்சி வராது, "இவ்வன்தட்டை ஃபார்மட் செய்யவா?" என்ற கேள்விதான் வரும். அவசரப்பட்டு "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள்.

வன்தட்டு என்பது எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான சிறு அறைகளின் தொகுப்பு. எந்த நிகழ்ச்சி எந்தெந்த அறைகளில் உள்ளது, எவை காலியாக உள்ளன என்பதைக் குறித்து வைக்க ஒரு பதிவேடு வேண்டும். அப்பதிவேட்டை எழுதும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். ஃபேட்32, என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 எனப் பல முறைமைகள் உண்டு. ஒரு பெட்டி இஎக்ஸ்டி4 முறையில் எழுதியதை, ஃபேட்32 மட்டுமே அறிந்த பெட்டியால் படிக்க இயலாது. தனக்குப் புரியாத பதிவேட்டைக் கண்டதும், புதிய வெற்றுப் பதிவேடு எழுத அனுமதி கேட்கிறது. ஃபார்மட் என்பது அதுதான். பொதுவாக, விரைவு ஃபார்மட் செய்தாலும் படக்காட்சிகள் உடனே அழிவதில்லை. ஆனால், அவை இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அடுத்த பதிவு அவற்றின் மேலேயே எழுதப்படலாம். ஆகவே தவறி அழுத்திவிட்டால், மேற்கொண்டு எதையும் பதிவு செய்யாமல் வன்தட்டைக் கழற்றிவிடுவதே நல்லது.

அப்படியானால் இரண்டு பெட்டிகளும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரி என்றால் சிக்கல் தீர்ந்துவிடுமா? பல வேளைகளில் தீராது. ஒளிபரப்பு உரிமையைக் காக்க, பல பெட்டிகள் நிகழ்ச்சியை மறைகுறியாக மாற்றியே எழுதுகின்றன. அதைத் திறக்கும் சாவி ஓர் எண். அது 128 பிட் நீளமுடையது என்றால், சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் தேவை! ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடவாத காரியம். அச்சாவி வன்தட்டில் இல்லை. பதிவு செய்த பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி பழுதாகிவிட்டால், வன்தட்டு நன்றாக இருந்தாலும் நிகழ்ச்சிகள் போனவைதான். காசு கொடுத்து வாங்கியவருக்கு இது எரிச்சலூட்டும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

சரி, வன்தட்டை ஒரே நேரத்தில் இரு பெட்டிகளிலும் இணைத்தால்? யூஎஸ்பி இணைப்பில் ஒருவர்தான் தலைவர். மற்றது அவர் சொல்கேட்கும் கருவி. ஒரு வன்தட்டுக்கு ஒரே சமயத்தில் இரு தலைவர்கள் இருக்க முடியாது. இப்படி ஒரு விதி ஏன்? பூப்பந்து அரங்கின் முன்பதிவுப் புத்தகத்தை இருவர் நகலெடுத்து, தனித்தனி அறையில் அமர்ந்து முன்பதிவு செய்வதைக் கற்பனை செய்யுங்கள். மாலை 5 மணி காலி என்று இருவர் நகலிலும் இருக்கிறது. இருவரும் வெவ்வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டிகளும் இப்படித்தான், பதிவேட்டின் பகுதிகளைத் தம் நினைவகத்தில் நகலாக வைத்துக்கொள்கின்றன. இருவரும் ஒரே அறையில் எழுதினால் ஒருவரின் நிகழ்ச்சி மட்டுமல்ல, பதிவேடே குழம்பிப்போகும்.

பொத்தானை அழுத்தினால் இணைப்பு மாறும் யூஎஸ்பி மாற்றிகள் கடைகளில் உள்ளன. அவை ஒரு சமயத்தில் ஒரு பெட்டிக்கே வன்தட்டைத் தரும். பதிவு நடக்கும்போது மாற்றினால் பழைய கதைதான்.

இதைவிடச் சிறந்த வழி, பதிவேட்டை ஒருவரிடமே விட்டுவிடுவது. வீட்டு வலையமைப்பில் இணையும் நாஸ் எனும் சேமிப்புக் கருவிக்குள் ஒரு சிறு கணினி உண்டு. பெட்டிகள் தாமே வன்தட்டில் எழுதுவதில்லை. "இதை எழுது", "அதைக் கொடு" என்று அக்கணினியைக் கேட்கின்றன. எனவே மோதல் இல்லை. ஆனால், உங்கள் பெட்டிக்கு வலையமைப்பில் பதிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். சாவிச் சிக்கலும் தனியே இருக்கத்தான் செய்யும்.

சாவிச் சிக்கலுக்கு ஜப்பானில் ஒரு தீர்வு கண்டார்கள். சீக்யூவால்ட் எனும் அம்முறையில் உரிமைப் பாதுகாப்பு பெட்டியோடு அல்லாமல் வன்தட்டோடு பிணைக்கப்படுகிறது. அதனால், அம்முறையை ஏற்கும் வேறொரு பெட்டியிலும் பதிவைப் பார்க்க வழியுண்டு. இரண்டு பெட்டிகளும் வன்தட்டும் என மூன்றுமே அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இனி ஒரு கணக்கு. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4,294,967,295 பைட். நிகழ்ச்சி விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வந்தால், அது 1 மெகாபைட். அப்படியெனில் சுமார் 4,295 விநாடியில், அதாவது 71 நிமிடம் கடந்ததும் கோப்பு நிரம்பிவிடும். நீண்ட திரைப்படம் சில பெட்டிகளில் துண்டு துண்டாகப் பதிவாவது இதனால்தான். வேகம் 6 மெகாபிட் என்றால் எத்தனை நிமிடம்? 95-ஐ ஒட்டி விடை வந்தால் உங்கள் கணக்கு சரி.