ஈயம் இல்லாமல் தூண்டிலுக்குக் கனம்: அடர்த்தி பாடத்தில் ஒரு செயல்பாடு

கடலோரப் பள்ளிகளிலும் ஏரி, ஆறு அருகிலுள்ள பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தூண்டில் புதிய பொருள் அன்று. நைலான் நரம்பு, முள், ஈயக்குண்டு ஆகியவை நம் பாடநூலில் வருவதற்கு முன்பே அவர்கள் கையில் இருப்பவை. வலையின் அடிக்கயிற்றில் ஈயம் கோப்பதையும் கரண்டி ஈயத்தை அடுப்பில் உருக்கிக் குண்டு வார்ப்பதையும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருப்பார்கள்.

இந்த அனுபவத்தை இரண்டு விதங்களில் வகுப்பறைக்குப் பயன்படுத்தலாம். ஒன்று, ஏழாம் வகுப்பு ‘அளவீட்டியல்’ பாடத்தில் வரும் அடர்த்தியையும் ஒன்பதாம் வகுப்பு ‘பாய்மங்கள்’ பாடத்தில் வரும் மிதப்பு விசையையும் கற்பிக்க இது நல்ல கருவி. மற்றொன்று, ஈயத்தை வீட்டில் உருக்குவதால் பிள்ளைகளின் உடலுக்கு வரும் கேட்டை அறிவியல் பாடத்தின் வழியாகவே குடும்பத்துக்குக் கொண்டுசேர்க்க முடியும்.

கற்றல் விளைவுகள்

இச்செயல்பாட்டின் முடிவில் மாணவர்கள்,
1. ஒழுங்கற்ற பொருளின் கன அளவையும் அடர்த்தியையும் கண்டறிவர்.
2. ஒரே நிறையுள்ள வெவ்வேறு பொருள்கள் நீரில் இழக்கும் எடையைக் கணக்கிடுவர்.
3. ஈயத்துக்கு மாற்றாக இரும்பு, கல், சிமெண்ட் ஆகியவற்றை ஒப்பிட்டுக் காரணத்துடன் தேர்வு செய்வர்.
4. ஈயத்தைக் கையாள்வதில் உள்ள ஆபத்தை விளக்குவர்.

ஆசிரியர் அறிந்துகொள்ள: ஈயம் ஏன் விரும்பப்படுகிறது?

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம். சிறிய குண்டிலேயே மிகுந்த கனம் கிடைக்கிறது. அது 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும், விறகடுப்பே போதும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். ஈயம் மென்மையானது, நரம்பில் வைத்துப் பல்லால் கடித்தே இறுக்கிவிடலாம். கடல்நீரில் துருப்பிடிப்பதும் இல்லை. இத்தனை வசதிகள் இருப்பதால்தான் தலைமுறை தலைமுறையாக அது நீடிக்கிறது. இதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயன்படுத்துபவரின் நியாயத்தை ஒப்புக்கொண்ட பிறகு சொல்லும் எச்சரிக்கையைத்தான் வீட்டில் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

ஆபத்து எங்கே?

உருகிய ஈயத்தை மேலும் சூடாக்கும்போது புகை எழும். அதன் மேல் படியும் சாம்பல் நிற ஆடை ஈய ஆக்சைடு. அதை வழித்துப் போடும்போது தூளாகி அடுப்படி, தரை, உடை, கைகள் எங்கும் படிகிறது. தரையில் தவழும் குழந்தை அதே கையை வாயில் வைக்கிறது. உள்ளே போன ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதிப்பில்லாத அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்றும் அந்நிறுவனம் தெரிவிக்கிறது.

உடல் ஈயத்தைக் கால்சியம் போலவே நடத்துகிறது. எலும்பிலும் பல்லிலும் சேமித்து வைக்கிறது. கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து இரத்தத்தில் கலந்து கருவில் உள்ள குழந்தையையும் அடைகிறது. இரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் ஆகியவை தோன்றலாம். பல நேரங்களில் எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் வளரும் மூளை பாதிக்கப்படுகிறது. கவனம் குறைவது, கற்றலில் பின்தங்குவது, எளிதில் எரிச்சலடைவது ஆகியவை அதன் விளைவுகளில் அடங்கும். பின்தங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுவே காரணம் என்று நாம் முடிவுகட்டக் கூடாது. இரத்தப் பரிசோதனை மட்டுமே அதைச் சொல்ல முடியும். எனினும், ‘மந்தம்’ என்று ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்தும் முன் நினைத்துப் பார்க்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

உடனடி ஆபத்தும் உண்டு. ஈரமான அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றினால் அடியில் சிக்கிய நீர்த்துளி நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிவதால் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

ஒரு மீனவ ஊரின் பாடம்

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகர் டக்காரை ஒட்டியுள்ள கடலோர ஊர் தியாரோய் சுர் மேர். அங்குள்ள கொல்லர்கள் பல ஆண்டுகளாகப் பழைய வாகன பேட்டரிகளை உடைத்து, அதிலுள்ள ஈயத்தை எடுத்து மீன்வலைக் குண்டுகளாக வார்த்துவந்தனர். மண்ணில் ஈயத்தூள் சேர்ந்துகொண்டே போனது. ஈயத்தின் விலை உயர்ந்தபோது மக்கள் அந்த மண்ணையே தோண்டிச் சலித்து விற்கத் தொடங்கினர். மூட்டைகள் வீட்டுக்குள் வந்தன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கு 18 குழந்தைகள் இறந்தனர். ஈய நச்சே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. பெற்றோர் அனைவரும் பிழைப்புக்காக, தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தவர்கள். ஆபத்து அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பறவைகளும் தப்பவில்லை. பிரிட்டனில் அன்னப்பறவைகள் நீரடியில் கிடந்த ஈயக்குண்டுகளை, இரைப்பையில் உணவை அரைக்க உதவும் கூழாங்கல் என்று விழுங்கி இறந்தன. அதனால் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளுக்கு அந்நாட்டில் 1987இல் தடை விதிக்கப்பட்டது.

செயல்பாடு 1: நீரில் எவ்வளவு கனம்?

தேவையான பொருள்கள்: சுருள்வில் தராசு அல்லது சமையலறை எண்முறைத் தராசு, அளவுசாடி, நூல், இரும்பு போல்ட், கருங்கல் துண்டு, சிமெண்ட் துண்டு, வாளி நீர். ஈயத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் கணக்கைக் கரும்பலகையில் செய்தாலே போதும்.

ஒவ்வொரு பொருளின் நிறையையும் முதலில் காண வேண்டும். பிறகு நூலில் கட்டி அளவுசாடி நீரில் அமிழ்த்தி, நீர்மட்டம் உயர்ந்த அளவிலிருந்து கன அளவைக் குறிக்க வேண்டும். அடர்த்தியைக் கணக்கிட்ட பின், கடல்நீரின் அடர்த்தி 1.025 எனக் கொண்டு, 100 கிராம் பொருள் கடல்நீரில் எத்தனை கிராமாகத் தோன்றும் என்று கேட்கலாம்.

விடைகள் ஏறத்தாழ இவ்வாறு வரும்:
ஈயம் (அடர்த்தி 11.34): 91 கிராம்
இரும்பு (7.87): 87 கிராம்
கருங்கல் (2.7): 62 கிராம்
சிமெண்ட் கலவை (2.2): 53 கிராம்

அடுத்த வினாதான் பாடத்தின் உயிர். 100 கிராம் ஈயக்குண்டு நீருக்குள் தரும் அதே கனத்தைப் பெற மற்றவற்றில் எவ்வளவு எடுக்க வேண்டும்? இரும்பு என்றால் 105 கிராம், கருங்கல் 147 கிராம், சிமெண்ட் 170 கிராம். இரும்பில் வெறும் 5 கிராம் கூடுதல்! அடர்த்தியில் பெரிய வேறுபாடு இருந்தும் நீருக்குள் கனத்தில் வேறுபாடு இவ்வளவு சிறியது என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் காணும்போது வகுப்பே கலகலக்கும்.

உடனே, “அப்படியானால் இரும்புக் குண்டு ஏன் பெரிதாகத் தெரிகிறது?” என்று யாரேனும் கேட்பார்கள். கன அளவை ஒப்பிடச் சொல்லுங்கள். ஈயம் 8.8 கன செ.மீ., இரும்பு 13.3 கன செ.மீ. பருமன் கூடினால் நீரோட்டம் அதிகமாக இழுக்கும் என்பதையும் சேர்த்துப் பேசலாம். மாற்றுப் பொருளின் குறையையும் கணக்கோடு பார்ப்பதே அறிவியல் மனப்பான்மை.

செயல்பாடு 2: கனமான கரண்டி இரை

தூரமாக எறியவும் ஆழத்தில் இறக்கவும் கனமான உலோகப் போலி இரையைப் பயன்படுத்துவர். சீலா, பாறை, வஞ்சிரம் போன்ற இரை துரத்தும் மீன்கள் இதைச் சிறுமீன் என்று எண்ணிப் பாயும். கரண்டி வடிவ இரைக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூல் 1852இல் காப்புரிமை பெற்றார். ஏரியில் தவறி விழுந்த கரண்டியை ஒரு மீன் பாய்ந்து பிடித்ததைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வர்.

செய்முறை: பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெட்டி நீக்கி, முனைகளை அரத்தால் மழுக்க வேண்டும். இரு முனைகளிலும் ஒவ்வொரு துளை இட வேண்டும். வெட்டுவதும் துளையிடுவதும் பெரியவர்களின் வேலை. லேத் பட்டறையில் முன்பே செய்து வாங்கிவிடலாம். குழிந்த பக்கத்தில் எவர்சில்வர் நட்டுகளை வைத்து, எம்-சீல் போன்ற பசையால் மூடி ஒரு நாள் காயவிட வேண்டும். பசை பிசையும்போது கையுறை அணியச் செய்யுங்கள். வகுப்பில் தூண்டில் முள்ளை மாட்டவே கூடாது. முள் இருக்கும் இடத்தில் ஒரு சாவி வளையம் போதும்.

நட்டுகளை நடுவில் வைத்த கரண்டி, ஒரு முனையில் வைத்த கரண்டி என இரண்டு வகை செய்யுங்கள். நீர் நிரம்பிய டிரம்மில் நூலோடு இறக்கிப் பார்த்தால், நடுவில் கனம் உள்ளது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே மெதுவாக இறங்கும். முனையில் கனம் உள்ளது அந்த முனை கீழாக விரைந்து இறங்கும். ஈர்ப்பு மையத்தை விளக்க இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

வீட்டுக்குச் செல்லும் செய்தி

‘உங்கள் அப்பா செய்வது தவறு’ என்ற தொனி எந்த இடத்திலும் வந்துவிடக் கூடாது. ஒரு வலையில் கோத்துள்ள ஈயம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற எந்தக் குடும்பத்தாலும் முடியாது. எவர்சில்வர் விலை அதிகம். சாதா இரும்பு துருப்பிடிக்கும், வண்ணம் பூச வேண்டும். எனவே உடனே செய்யக்கூடியவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம்:

ஈயக்குண்டைப் பல்லால் கடிக்க வேண்டாம், குறடு பயன்படுத்தலாம்.
பழைய பேட்டரியை வீட்டில் உடைக்க வேண்டாம்.
உருக்கியே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், நன்கு காய்ந்த அச்சில் செய்யலாம். அந்தப் பாத்திரம் மீண்டும் சமையலறைக்குள் வரக் கூடாது.
குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் இருக்க வேண்டாம்.
அந்த இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும்.
ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவிய பிறகே உண்ண வேண்டும்.

இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றின் அருமையை இங்கே சொல்லலாம். இவை மருந்தாகா. ஐயம் உள்ள பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அனுப்ப வேண்டும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 50 கிராம் இரும்பு போல்ட் நன்னீரில் அமிழும்போது எத்தனை கிராம் குறைவாகத் தோன்றும்? (விடை: ஏறத்தாழ 6.4)
2. அதே போல்ட் கடல்நீரில் இன்னும் குறைவாகத் தோன்றுவது ஏன்?
3. ஆழத்தில் மீன் பிடிக்க இரும்பு, சிமெண்ட் இரண்டில் எதைத் தேர்வு செய்வாய்? காரணம் கூறு.
4. ஈயக்குண்டு வார்க்கும் வீட்டில் சிறு குழந்தைக்கே ஆபத்து மிகுதி. ஏன்?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் பன்னாட்டு ஈய நச்சுத் தடுப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. மாணவர்கள் செய்த கரண்டி இரைகளையும் கணக்கீட்டு அட்டவணையையும் அவ்வாரத்தில் பள்ளி அறிவியல் மன்றத்தில் காட்சிக்கு வைத்து, பெற்றோரை அழைக்கலாம். 100க்கு 105 என்ற கணக்கைத் தம் பிள்ளையின் வாயால் கேட்கும் தந்தை, அடுத்த முறை ஈயக் கரண்டியை எடுக்கும்போது குழந்தை எங்கே இருக்கிறது என்றாவது திரும்பிப் பார்ப்பார்.