மரம் வெடிப்பது குறையா?

2012 ஜூன் மாதம் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் டேவிட் நாஷின் மரச் சிற்பக் கண்காட்சி ஆரம்பமாயிற்று. பூங்காவில் ஆயுள் முடிந்த மரங்களைக் கொண்டு அங்கேயே பல சிற்பங்களை அவர் செதுக்கினார்.

கோயில் வாகனம் செய்யும் எமது ஆசாரிமார் மரத்தை முதலில் நன்றாகக் காயவிடுவார்கள். ஏன்? பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் வழியே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. இந்த வேறுபாட்டினால்தான் மரம் வெடிக்கிறது. நாஷோ பச்சை மரத்தையே செதுக்கி, வெடிப்பையும் வளைவையும் சிற்பத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டார்.

அவருடைய இன்னொரு படைப்புக்கு உயிர் உண்டு. 1977இல், அணுவாயுதப் போர் பற்றிய அச்சம் நிலவிய காலத்தில், வேல்ஸில் 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டார். 21ஆம் நூற்றாண்டை நம்பி நட்ட கன்றுகள் அவை. அவற்றை வளைத்து வளர்த்துக் கூடாரமாக்கினார். நாற்பது ஆண்டுகளின் பின் பூஞ்சண நோய் அவற்றைத் தாக்கியது. எழுபது வயதைத் தாண்டிய நாஷ், சுற்றிவர ஓக் கன்றுகளை நட்டார்.

வேரோடு பெயர்ந்து வந்த நாம் இங்கே கோயிலும் தமிழ் வகுப்பும் நடத்துவதும் இத்தகைய நடுகையே. நிழல் எமக்கென்று நாம் நடவில்லை.

பிள்ளைகளுக்கு: மரத்தின் உட்புறக் கடினப் பகுதிக்கு ‘வைரம்’ என்று பெயர். பழந்தமிழில் அது ‘காழ்’. உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும், வெளியே உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. அப்படியானால் பனை எது? வீட்டில் கேட்டுப் பாருங்கள்.