தொழில் திடீரென நின்றால்: கண்ணூர்ப் பீடித் தொழிலாளர் தரும் பாடம்

நெசவாளருக்குத் தறி நிற்பதும், விவசாயிக்கு விளைபொருளை வாங்குவார் இல்லாமற் போவதும் ஒரே துன்பத்தின் இரு வடிவங்களாகும். நேற்றுவரை வந்த கூலி இன்று வரவில்லை. வீட்டுச் செலவோ நிற்கவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதும் முடங்கியபோது இத்துன்பத்தை நம் அங்கத்தினரில் பலர் நேரிற் கண்டனர். அத்தகைய நாளில் அங்கத்தினரின் கடமை யாது, சங்கத்தின் கடமை யாது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். எடுத்துக்காட்டு நெசவன்று, பீடித் தொழில். நம் தொழிலின் நிலையை நாமே மதிப்பிடும்போது ஆசையும் அச்சமும் குறுக்கிடும். பிறர் தொழிலைப் பார்க்கையில் உண்மை தெளிவாகத் தெரியும்.

நிகழ்ந்தது என்ன?

1956-ஆம் ஆண்டுவரை சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கண்ணூர், கைத்தறிக்கும் பீடிக்கும் பெயர் பெற்றது. அங்கே பீடி சுற்றியவர்கள் பெரும்பாலும் மங்களூர் முதலாளிகளிடம் வேலை செய்தனர். 1966-இல் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் நலனுக்கென ஒரு சட்டம் இயற்றியது. வேலை நேரத்திற்கு வரம்பு, சம்பளத்துடன் விடுமுறை, குழந்தைக் காப்பகம் முதலியன அதில் அடங்கியிருந்தன. கேரள அரசாங்கம் 1968-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அச்செலவை ஏற்க மனமில்லாத முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியிலிருந்த பட்டறைகளை மூடிவிட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் ஒரே சமயத்தில் வேலை இழந்தனர். நன்மைக்கென வந்த சட்டமே அடுப்பை அணைத்துவிட்டதோ என்று அவர்கள் கலங்கியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் கலந்து பேசியதன் பயனாக, 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கின் மதிப்பு 20 ரூபாய். அதில் தொழிலாளி உடனே செலுத்தியது 1 ரூபாய். மீதி 19 ரூபாயை அரசாங்கம் கடனாக அளித்தது. அக்கடன் கூலியிலிருந்து சிறிது சிறிதாகப் பிடிக்கப்பட்டது. இலையும் புகையிலையும் வாங்குவதும், பீடியை விற்பதும் மத்தியச் சங்கத்தின் பொறுப்பு. பீடி சுற்றுவது ஊர்தோறும் அமைந்த தொடக்கச் சங்கங்களின் பொறுப்பு. தொடக்கத்தில் சுமார் 3,000 பேருக்கே வேலை கிடைத்தது. மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1980-களில் அங்கத்தினர் தொகை 30,000-ஐத் தாண்டியது.

நாம் கற்க வேண்டுவன

முதலாவது பாடம், எஞ்சியிருப்பதைக் கணக்கெடுத்தல். முதலாளியும், முதலும், சந்தையில் பழகிய பெயரும் போயின. கைத்திறன், உடன் வேலை செய்தோர், பல்லாண்டு பழகிய ஒழுங்கு ஆகிய மூன்றும் எஞ்சியிருந்தன. கண்ணூர்ப் பட்டறைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவது வழக்கம். படிப்பவருக்குக் கூலி குறையாதபடி மற்றவர்கள் தாம் சுற்றிய பீடியிற் சிலவற்றை அவருக்குக் கொடுப்பார்கள். ஒருவருக்காகப் பலர் சிறிது விட்டுக்கொடுக்கும் இப்பழக்கம், சங்கம் தோன்றுவதற்கு முன்பே அவர்களைக் கூட்டுறவாளராக ஆக்கியிருந்தது.

இரண்டாவது பாடம், தனித்தனியே சிதறாதிருத்தல். 12,000 பேரும் ஆளுக்கொரு திசையாகச் சென்றிருந்தால், அவர்கள் ஒவ்வொருவரும் எந்தக் கூலிக்கும் இணங்க வேண்டிய நிலை வந்திருக்கும். கூடி நின்றமையால்தான் அரசாங்கம் கடன் கொடுக்க முன்வந்தது.

மூன்றாவது பாடமே மிக முக்கியமானது. மீண்டு எழுந்த தொழிலும் மறுபடி தளரக்கூடும். புகைபிடித்தலின் தீங்கை மக்கள் உணர்ந்தனர். 1999-இல் பொது இடங்களிற் புகைபிடிப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் தடைசெய்தது. பீடியின் விற்பனை குறைந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து சங்கம் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை முதலிய வேறு தொழில்களில் இறங்கியது. தேங்காய்ப்பால் தயாரிப்பும் அவற்றுள் ஒன்று. பீடியில் வேலை செய்த எல்லோருக்கும் இவை வேலையளித்துவிடவில்லை. அங்கத்தினர் தொகை பெரிதும் குறைந்தது. எனினும், பழைய தொழிலில் வருமானம் இருக்கும்போதே புதிய தொழிலுக்கு வித்திட்டமையால் சங்கம் அழியாமல் நின்றது.

அங்கத்தினர் செய்ய வேண்டுவன

வேலை நின்ற முதல் வாரத்திலேயே குடும்பத்தாருடன் அமர்ந்து ஒரு தாளில் எழுதுக: வீட்டில் உள்ள தானியம், கையிருப்பு, வரவேண்டிய கூலி, தரவேண்டிய கடன், ஒவ்வொரு கடனின் வட்டி. தவணை நாள் வருமுன் கடன் கொடுத்தவரைக் கண்டு நிலைமையைச் சொல்லுக. சொல்லாமல் தவறும் தவணையே நாணயத்தைக் கெடுக்கும்.

தொழிற்கருவியை விற்காதீர்கள். தறி, அச்சு, ஜக்கார்டுப் பெட்டி ஆகியவற்றை நெருக்கடியில் விற்றால் விறகு விலையே கிடைக்கும். திரும்ப வாங்கும்போது முழு விலை கொடுக்க வேண்டும். விவசாயிக்கு உழவு மாடும் விதையும் அவ்வாறே. விளைபொருள் விலை வீழ்ந்திருந்தால், கூட்டுறவுக் கிடங்கில் வைத்துத் தானிய ஈட்டுக்கடன் பெற்றுக் காத்திருக்கலாம். வேறு கூலி வேலைக்குச் செல்வது இழுக்கன்று. ஆனால், "இனி உங்கள் துணியெல்லாம் எனக்கே" என்னும் நிபந்தனையோடு வியாபாரி கொடுக்கும் முன்பணத்தை வாங்கினால், ஒரு மாதத்துப் பசிக்குப் பல ஆண்டு உழைப்பை ஈடுவைத்தவராவீர்கள்.

சங்கம் செய்ய வேண்டுவன

இங்கே நம் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020-இல் ஆர்டர் நின்றுபோன ஒரு நெசவாளர் சங்கத்தில் மூன்று மாதம் கூட்டமே கூட்டப்படவில்லை. "நல்ல செய்தி வந்தபின் அழைக்கலாம்" என்று நிர்வாகிகள் எண்ணினார்கள். இதற்கிடையில் ஓர் அங்கத்தினர் தம் தறியை விற்றுவிட்டு நகரத்திற்குக் கட்டட வேலைக்குச் சென்றார். மறு ஆண்டு ஆர்டர் வந்தது. அவரும் ஊர் திரும்பினார். முப்பது ஆண்டு தொழில் கற்ற கை இருந்தது, தறி இல்லை. தாம் தொழில் கற்றுக்கொடுத்தவரின் வீட்டிலேயே பாவு பிணைக்கும் கூலியாளாக அவர் அமர்ந்திருந்ததைக் கண்டோம். "ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் காத்திருப்பேனே, ஐயா" என்றார்.

அச்சங்கத்தை நாம் அந்த ஆண்டும் ஆய்வு செய்திருந்தோம். ஏடுகள் ஒழுங்காக இருந்தன, கையொப்பமிட்டுத் திரும்பினோம். எத்தனை தறிகள் ஓடுகின்றன என்று தெருவில் நடந்து பார்க்கவில்லை. குற்றம் நிர்வாகிகளுடையது மட்டுமன்று.

ஆதலால், வேலை நின்ற ஒரு வாரத்திற்குள் சங்கம் அங்கத்தினரைக் கூட்ட வேண்டும். கையிருப்புச் சரக்கு எவ்வளவு, நூல் எவ்வளவு, பணம் எவ்வளவு என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை அறிந்தவர் திட்டமிடுவார். செய்தியே அறியாதவர் தறியை விற்பார். உள்ள நூலைச் சிலருக்கே கொடுக்காமல், ஆளுக்கு அரைப் பாவானாலும் எல்லாத் தறிக்கும் பங்கிட வேண்டும். விற்பனையாகாத இரகத்தையே மீண்டும் நெய்து குவிக்கலாகாது. காஞ்சிபுரம், சேலம் முதலிய இடங்களிலுள்ள நெசவாளர் சேவை மையங்களை அணுகிப் புதிய இரகங்களுக்குப் பயிற்சி பெறலாம். இதனை வேலை நின்ற பிறகு தொடங்குவதினும், வேலை நிறைந்திருக்கும்போதே தொடங்குவது நன்று.

அங்கத்தினர்களே! வேலை போவதை எப்பொழுதும் தடுக்க இயலாது. வேலை போன மனிதர் தனித்துவிடப்படுவதைத் தடுக்க இயலும். சங்கம் என்பது அதற்காகவே.

ஆய்வு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் ஒரே இரகத்தை, அல்லது ஒரே வியாபாரியை, நம்பியுள்ள தறிகள் எத்தனை?
2. நாளை ஆர்டர் நின்றால், கையிலுள்ள நூல் எத்தனை நாளைக்கு எல்லாத் தறிக்கும் வரும்?
3. கடந்த ஐந்தாண்டுகளில் தறியை விற்றவர் யாவர்? அவர்களுள் திரும்பிவர விரும்புவோருக்குச் சங்கம் என்ன செய்யலாம்?
4. அடுத்த கூட்டத்திற்குள் உங்கள் தெருவில் ஓடாத தறிகளை எண்ணி வருக.