உப்பளத்துக்கு ஒரு கம்பியில்லாத் திரவமானி

சேலையூர்

அன்புள்ள தங்கைக்கு,

மிதக்கும் பொருள் ஒன்று எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதைக் கொண்டு, அது மிதக்கும் திரவத்தின் அடர்த்தியை, அதாவது ஒரு குறிப்பிட்ட பருமனுக்குள் அடங்கிய நிறையை, அறிவிக்கும் கருவி திரவமானி ஆகும். பால் கொள்முதல் நிலையத்துப் பால்மானியும், மின்கல அமிலத்தைச் சோதிக்கும் கண்ணாடிக் குழலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இக்கருவியைப் பற்றி எஞ்சியுள்ள மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைனீசியஸ் என்பவர் அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் ஹைப்பேசியாவுக்கு எழுதிய கடிதத்தில் காணப்படுகிறது. நோயுற்றிருந்த சைனீசியஸ் அதில் இத்தகைய ஒரு குழலைச் செய்து அனுப்புமாறு கேட்டிருந்தார்.

இக்கருவியின் கம்பியில்லா வடிவம் வீட்டில் பீர் காய்ச்சும் மேலைநாட்டு ஆர்வலர்களிடையே பரவியது. ஜெர்மனியைச் சேர்ந்த சாமுவேல் லாங் திறந்த வடிவமைப்பாக வெளியிட்ட ‘ஐஸ்பிண்டல்’, யாரும் பார்த்துச் செய்துகொள்ளத்தக்க வகையில் அமைந்திருப்பதால், உன் பள்ளித் திட்டப்பணிக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் எண்ணம் இயல்பானதே. ஆயினும் 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மதுவிலக்குச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். எனவே கருவியை வைத்துக்கொண்டு திரவத்தை மாற்றுவதே தக்கது, அதற்குரிய திரவமும் அருகிலேயே கிடைக்கிறது. சேலையூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில், கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே, கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள் உள்ளன. உப்பு விளைவிப்பது முழுவதும் அடர்த்தியைக் கண்காணிக்கும் தொழில் என்பதால், பீர்ப் பானையைவிட உப்பளத்துக்கே இக்கருவி மிகுதியாகப் பயன்படும்.

உப்பளத்தில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு ‘டிகிரி’ எனப்படும். இது வெப்பநிலையைக் குறிப்பதன்று. பிரெஞ்சு மருந்தியலாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அளவைக் குறிப்பது. தூய நீரில் கருவி நிற்கும் இடத்தைச் சுழியம் என்றும், நிறையில் 15 விழுக்காடு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடத்தை 15 என்றும் அவர் குறித்தமையால், இந்த அளவே உப்பைக் கொண்டு பிறந்தது எனலாம். இக்காலத்தில் பரவலாக வழங்கும் வாய்ப்பாட்டின்படி, 145ஐ ஒப்படர்த்தியால் வகுத்து வரும் ஈவை 145இலிருந்து கழித்தால் போமே டிகிரி கிடைக்கும். ஒப்படர்த்தி என்பது நீரின் அடர்த்தியைப் போல் எத்தனை மடங்கு என்னும் எண். கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருப்பதால் அது மூன்றரை டிகிரியில் உப்பளத்துக்குள் நுழைகிறது. வெயிலில் வற்றி 13 டிகிரியை ஒட்டி ஜிப்சத்தை உதிர்க்கத் தொடங்குகிறது. 25 டிகிரியைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு படிகமாகிறது. 29 அல்லது 30ஐ எட்டும்போது, எஞ்சிய நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து, விளையும் உப்பைக் கசப்பும் ஈரப்பதமும் உடையதாக்கும் என்பதால் அந்நீர் வடித்துவிடப்படுகிறது. இந்த நான்கைந்து டிகிரி இடைவெளிக்குள்தான் நல்ல உப்பு விளைகிறது.

கருவியின் உடல், அகன்ற வாயுடைய பெட் பிரிஃபார்ம், அதாவது பாட்டிலாக ஊதப்படுவதற்கு முந்தைய தடித்த பிளாஸ்டிக் குழல். அதனுள்ளே, சாய்வை உணரும் எம்பியு-6050 முடுக்கமானி, வெப்பநிலையை உணரும் டிஎஸ்18பி20, வைஃபை வழியே செய்தி அனுப்பும் இஎஸ்பி8266 பலகை, 18650 வகை லித்தியம் மின்கலம் ஆகியவை ஒரு சட்டத்தில் பொருத்தப்படுகின்றன. இவை அனைத்தும் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கிடைப்பவையே. மின்கலத்தின் எடை குழலின் நடு அச்சிலிருந்து சற்று விலகி அமைவதால் குழல் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து மிதக்கும். திரவத்தின் அடர்த்தி கூடும்போது குழல் மேலெழுகிறது. அமிழ்ந்த பகுதி குறுகுவதால் மிதப்பு மையம், அதாவது மேல்நோக்கிய விசை செயற்படும் புள்ளி, கீழிறங்கி ஈர்ப்பு மையத்தை நெருங்குகிறது. அந்த நெருக்கம் சாய்வை மிகுதியாக்குகிறது. கருவி உண்மையில் அளப்பது அந்தச் சாய்கோணத்தை மட்டுமே. அடர்த்தி என்பது கோணத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண் என்பதை மறந்தவர்களே, பழுது நேரும்போது நிரலைத் திருத்திக்கொண்டு நாள்களைக் கழிக்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் நிறையிலும் நீரிலும்தான் இருக்கின்றன.

பீருக்கென வகுத்த வடிவத்தை அப்படியே உப்புநீரில் இடுவது முதற்பிழை. அது தூய நீரில் ஏறத்தாழ 25 பாகை சாய்ந்து நிற்கும்படியும், ஒப்படர்த்தி 1.100 வரையிலான சர்க்கரைக் கரைசலுக்கு ஏற்றபடியும் அமைக்கப்பட்டது, 1.200ஐத் தொடும் உப்புநீரிலோ குழல் ஏறக்குறைய படுத்துவிடும். 60 கிராம் நிறையுள்ள குழல் தூய நீரில் 60 மில்லிலிட்டரை இடம்பெயர்க்கும் என்றால், 1.200 அடர்த்தியில் 50 மில்லிலிட்டரை மட்டுமே பெயர்க்கும். அந்தப் பத்து மில்லிலிட்டர் வேறுபாட்டுக்குள் சாய்வு முழுவதும் அடங்கவேண்டும். அடியில் ஈயக்குண்டு சேர்த்து ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதே வழி. அவ்வாறு செய்த குழல் தூய நீரில் மூழ்கிவிடவும் கூடும் என்பதால், உப்பு விளையும் பாத்திக்கு மட்டும் செய்யப்படும் கருவியைத் தூய நீரில் சோதித்துப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

அடுத்தது அளவுதிருத்தம், அதாவது அடர்த்தி தெரிந்த கரைசல்களில் கருவியை இட்டுக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுதல். 500 கிராம் நீரில் 55.6 கிராம் உப்பைக் கரைத்தால் நிறையில் 10 விழுக்காடு, 88.2 கிராம் 15 விழுக்காடு; 125 கிராம் 20 விழுக்காடு. 20 பாகை செல்சியசில் இவற்றின் அடர்த்தி முறையே 1.071, 1.109, 1.148 ஆகும். கல் உப்பு ஈரம் கொண்டிருக்கும் என்பதால் உலர்த்திய பின்பே நிறுக்கவேண்டும். தாம்பரம் பக்கத்து ஆழ்குழாய் நீரின் உப்புத்தன்மை பற்றிய கவலை இங்கே தேவையற்றது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தாலும் அடர்த்தியின் மூன்றாம் தசம இடம் ஓர் அலகுகூட மாறாது. கிடைத்த புள்ளிகளின் வழியே மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்றைப் பொருத்தி நிரலில் இடுவது வழக்கம். ஆனால் அக்கோவை அளந்த எல்லைக்குள் மட்டுமே நம்பத்தக்கது, எல்லைக்கு வெளியே அது எங்கு வேண்டுமானாலும் வளைந்து செல்லும். சாப்பாட்டு உப்பு மட்டும் கரைந்த நீர் ஏறத்தாழ 1.200க்கு மேல் அடர்வதில்லை, அது 25 டிகிரியைத் தொடாது என்பதால், அதற்கு மேற்பட்ட புள்ளிகளுக்குப் பாத்தியிலிருந்தே நீரெடுத்துக் கண்ணாடிப் போமேமானியுடன் ஒப்பிட வேண்டும்.

மின்கலத்தைக் கழற்றி மாட்டும்போது அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஈர்ப்பு மையம் மாறி, செய்த அளவுதிருத்தம் வீணாகும். எனவே மின்கலம் சட்டத்தில் அசையாது பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்; மின்னேற்றம் குழலைத் திறந்தாலும் சட்டத்தைக் கலைக்காமல் நடைபெற வேண்டும், அதுவும் நிழலில் ஆறவைத்த பிறகு, ஏனெனில் 45 பாகைக்கு மேல் சூடான லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றுவது ஆபத்தானது. ஒருமுறை அனுப்பிய பின் கருவி மௌனமாகிவிட்டால், உறக்கத்திலிருந்து பலகையை எழுப்பும் டி0, ஆர்எஸ்டி முனைகளின் இணைப்பை முதலில் பார்க்கவேண்டும். அவ்விணைப்பு இல்லையேல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்க வேண்டிய பலகை என்றுமே விழிக்காது. சில பலகைகளில் அது இருக்கும்போது நிரல் ஏற்ற இயலாது. வீட்டு வைஃபையில் இணைய மறுத்தால், இஎஸ்பி8266 2.4 கிகாஹெர்ட்சில் மட்டுமே பேசும் என்பதும், ரௌட்டர் 5 கிகாஹெர்ட்சை மட்டும் வழங்கிக்கொண்டிருக்கலாம் என்பதும் நினைவுக்கு வரவேண்டும். உப்பளத்தில் ரௌட்டரே இல்லை. உப்புநீரோ வைஃபை அலைகளை விரைந்து உறிஞ்சிவிடும். ஆகவே அலைவாங்கி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதும், தொலைவு மிகுந்தால் உரிமம் தேவைப்படாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் லோரா வகைப் பலகைக்கு மாறுவதும் பொருத்தம்.

உப்பளத்துக்கே உரிய தொல்லைகள் இவற்றினும் நுட்பமானவை. செறிந்த நீரில் மிதக்கும் குழலின் மேல் உப்பு படிந்துகொண்டே வரும். 60 கிராம் குழலில் ஒரு கிராம் உப்பு ஏறினால், நிறைக் கூடுதலை மட்டும் கணக்கில் கொண்டாலே 1.200 அடர்த்தி 1.180 எனத் தோன்றும், அதாவது இரண்டு டிகிரி குறைந்துவிடும். அதே உப்பு நீர்மட்டத்துக்கு மேலே படிந்தால் ஈர்ப்பு மையத்தை உயர்த்திச் சாய்வை மிகுதியாக்கி, பிழையை எதிர்த்திசையிலும் தள்ளக்கூடும் என்பதால், இதைக் கணக்கிட்டுக் கழிக்க முயல்வதைவிட நாள்தோறும் நல்ல நீரில் கழுவுவதே மேல். வெப்பமும் பொருட்படுத்தத்தக்கது: 20 விழுக்காட்டு உப்புநீர் 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடானால் அதன் அடர்த்தி 1.148இலிருந்து 1.138க்கு இறங்கும், அது ஏறக்குறைய ஒரு டிகிரி. குழலுக்குள் இருக்கும் உணரி வெயிலில் காய்ந்த காற்றின் சூட்டையே சொல்லும், நீரின் சூட்டையன்று. குழலின் மேற்பகுதியை வெள்ளைத் தாளால் மறைப்பதும் விடியற்காலை அளவுகளையே ஒப்பிடுவதும் இதற்கு மாற்று. காற்று எழுப்பும் சிற்றலைகள் முடுக்கமானியைக் குழப்புவதால், ஒவ்வொரு விழிப்பிலும் பல அளவுகள் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை மட்டும் அனுப்புமாறு நிரல் அமைய வேண்டும்.

உப்பு விளையும் பாத்தியின் நீர் சில அங்குல ஆழமே உடையதாதலால், 13 சென்டிமீட்டர் நீளக் குழல் அதில் தரைதட்டும். பாத்திக்கு நீர் பாயும் வாய்க்காலில் ஒரு குழி தோண்டி, பக்கங்களில் துளையிட்ட அகன்ற பிவிசி குழாயை அதில் நட்டு, குழல் சுவரில் உரசாத அளவுக்கு இடம்விட்டு மிதக்கவிட வேண்டும். மழை பெய்தால் நல்ல நீர் உப்புநீருடன் உடனே கலவாமல் மேலடுக்காக நிற்கும்; மிதக்கும் கருவி அந்த மேலடுக்கை மட்டுமே அறிந்து, பாத்தி முழுவதும் நீர்த்துப்போனதாக அறிவிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதச் சாரலின்போது, அடியிலிருந்து மொண்ட நீரைக் கண்ணாடிப் போமேமானியில் சோதித்து, மேலடுக்கை மட்டும் வடித்துவிட்ட பிறகே கருவி காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் சேர்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்